இரண்டு பக்கமும் விற்றவன்



முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வணிகவியல் பாடம் நடத்தியவன் நான். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பங்குச் சந்தையில் கால் ஆப்ஷனையும் புட் ஆப்ஷனையும் சேர்த்துப் போடும் வியூகங்கள். ஸ்ட்ராடில், ஸ்ட்ராங்கிள், காலர், அயர்ன் பட்டர்ஃபிளை என்று வரிசையாகப் பெயர்கள் வரும். இதெல்லாம் மும்பைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று முன்வரிசைப் பெரியவர்கள் நினைக்கலாம். ஐயா, 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் சந்தையில் வணிகம் செய்த தனிநபர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேருக்கு, பெருநகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களில்தான் வீடு. நம் ஊரைப் போன்ற ஊர்கள். நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள். அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

பேச்சு முழுவதும் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன். அடி விழுந்தால் யார் தாங்குவது? அவ்வளவுதான். எந்த வியூகத்தின் பெயரைச் சொன்னாலும் இந்தக் கேள்வியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அடி விழுந்தால் யார் தாங்குவது?

முதலில் கால், புட் என்றால் என்ன? ஒரு மனையைப் பார்க்கிறீர்கள். விலை 20 லட்சம். கையில் அவ்வளவு இல்லை. 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் கிரயம் செய்துகொள்கிறேன் என்று பேசி வைக்கிறீர்கள். இடையில் அந்தப் பக்கம் பைபாஸ் வருகிறது என்று செய்தி பரவுகிறது. மனை 26 லட்சம் ஆகிறது. உங்களுக்கு 20 லட்சத்துக்கே கிடைக்கும். விலை இறங்கிவிட்டதா? முன்பணம் போனால் போகட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள். அந்த 50,000 ரூபாய்தான் பிரீமியம். அந்த 20 லட்சம்தான் ஸ்ட்ரைக். அந்த மூன்று மாதம்தான் எக்ஸ்பைரி. வாங்கும் உரிமை. இதுதான் கால்.

புட் என்பது விற்கும் உரிமை. காவிரி டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. வெளி வியாபாரி நல்ல விலை கொடுத்தால் நெல்லை அவரிடம் போடலாம். வெளியில் விலை விழுந்துவிட்டால், அரசு அறிவித்த விலைக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடலாம். போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழே ஒரு தரை இருக்கிறது. அதற்குக் கீழே விழ வேண்டாம். அதுதான் புட். விவசாயி இதற்குப் பிரீமியம் கட்டுவதில்லை. விழும் விலையை அரசு தாங்குகிறது. சந்தையில் அப்படி இலவசமாகத் தாங்குபவர் யாரும் இல்லை. காசு கொடுத்தால்தான் தரை.

இதை ஆங்கிலேயன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான் என்று நினைக்க வேண்டாம். மும்பைப் பஜாரில் விலை ஏறும் என்று போடும் ஒப்பந்தத்துக்குத் தேஜி என்று பெயர். இறங்கும் என்று போடுவதற்கு மந்தி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தேஜி மந்தி. பருத்திக்கும் பங்குக்கும் அது பழக்கப்பட்ட வணிகம். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பங்குகளில் ஆப்ஷனைத் தடை செய்தது. 1995-ல் அந்தத் தடை நீங்கியது. 2001 ஜூன் 4-ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையில் அதன் நிஃப்டி குறியீட்டின் மேல் ஆப்ஷன் வந்தது. பழைய சரக்கு, புதிய கடை.

வாங்கியவனுக்கு உரிமை. விற்றவனுக்கு? விற்றவனுக்குப் பணம் முதலில் வந்துவிடுகிறது. மீதி இருப்பது வாக்கு. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கடமை மட்டும்தான் அவன் கையில் மிச்சம். இதை மனதில் ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சேர்க்கைக்கு வருவோம். நான் மிகவும் மதிக்கும் சேர்க்கை காலர். கையில் பங்கு இருக்கிறது. கீழே விழுந்தால் காப்பாற்ற ஒரு புட் வாங்குகிறீர்கள். அதற்கான பணத்துக்காக, மேலே ஒரு கால் விற்கிறீர்கள். மேலே ஒரு கூரை, கீழே ஒரு தரை, நடுவில் நீங்கள். 1999-ல் அமெரிக்காவில் மார்க் கியூபன் என்பவர் தன் பிராட்காஸ்ட் டாட் காம் நிறுவனத்தை யாஹூவுக்கு விற்றார். விலை 570 கோடி டாலர். ஆனால் கைக்கு வந்தது பணமாக அல்ல, யாஹூ பங்காக. அப்போது இன்டர்நெட் பங்கு என்றால் ஊரே ஆடிக்கொண்டிருந்த நேரம். அவர் என்ன செய்தார்? 85 டாலருக்கு விற்கும் உரிமையை வாங்கினார். 205 டாலருக்கு மேல் போகும் லாபத்தை விற்றார். பேராசைக்காரனாக இருந்திருந்தால் அந்தக் கூரையை வைத்திருக்க மாட்டார். அந்தக் கூரை இல்லாமல் தரைக்குக் காசு கிடைத்திருக்காது. 2001-ல் யாஹூ பங்கு 10 டாலருக்கும் கீழே போனது. அடி விழுந்தது, தாங்கியது யார்? அவருக்குப் புட் விற்றவர். கியூபன் கோடீஸ்வரராகவே இருந்தார்.

அடுத்தது ஸ்ட்ராடில். ஒரே ஸ்ட்ரைக்கில் ஒரு கால், ஒரு புட். கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். நிஃப்டி 25,000-ல் நிற்கிறது. 25,000 கால் 150 ரூபாய். 25,000 புட் 140 ரூபாய். இரண்டையும் வாங்கினால் செலவு 290. எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 25,290-க்கு மேலோ 24,710-க்குக் கீழோ போனால் லாபம். எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டாம். ஏதாவது ஒரு பக்கம் வேகமாக ஓடினால் போதும்.

கேட்க இனிக்கிறது, இல்லையா? அதனால்தான் பட்ஜெட்டுக்கு முந்தைய நாள், தேர்தல் முடிவுக்கு முந்தைய நாள் எல்லோரும் இதை வாங்க ஓடுகிறார்கள். மறுநாள் நிஃப்டி 150 புள்ளி நகர்ந்தும் கையில் நஷ்டம். ஏன் சார், சந்தை நகர்ந்ததே, எனக்கு ஏன் நஷ்டம் என்று கேட்கிறார்கள். மல்லிகைப்பூ விலையை நினைத்துப் பாருங்கள் அம்மா. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை பூ மார்க்கெட்டில் என்ன விலை? மறுநாள் மதியம் என்ன விலை? பூ அதே பூதான். தேவை போய்விட்டது. ஆப்ஷன் விலைக்குள்ளும் அப்படி ஒரு முகூர்த்த விலை ஒளிந்திருக்கிறது. அதைத்தான் ஐ.வி. என்கிறார்கள். முடிவு வெளியானதும் அது இறங்கிவிடும். முந்தைய நாள் மாலை பூ வாங்கி மறுநாள் விற்கப் போனவரின் நிலைதான் ஸ்ட்ராடில் வாங்கியவருக்கு. அதோடு நாளும் கரைகிறது. எக்ஸ்பைரி நெருங்க நெருங்க, ஆப்ஷனில் ஒட்டியிருக்கும் கால மதிப்பு வேகமாகக் கரைகிறது.

இங்கேதான் தம்பிமார்களுக்கு ஓர் எண்ணம் பிறக்கிறது. வாங்கினவனுக்குக் கரைகிறது என்றால், கரைந்தது விற்றவன் வீட்டுக்குத்தானே போகிறது? அப்படியானால் நானும் விற்கிறேன்! இரண்டு பக்கமும் விற்கிறேன்! சந்தை பெரும்பாலான நாட்களில் ஒரு வரம்புக்குள்தானே சுற்றுகிறது!

நியாயமான எண்ணம்தான். தவறு என்று சொல்ல மாட்டேன். கால், புட் இரண்டையும் விற்றால் 290 ரூபாய் உடனே கணக்கில் ஏறும். சந்தையில் லாட் என்ற மூட்டைக் கணக்கில்தான் விற்க முடியும்; ஒரு லாட்டில் எத்தனை யூனிட் என்பது அவ்வப்போது மாறும். 75 என்று வைத்துக்கொண்டால் 21,750 ரூபாய். காலை ஒன்பது இருபதுக்கு ஸ்ட்ராடில் விற்று, இரண்டு பக்கமும் ஸ்டாப் லாஸ், அதாவது விலை இவ்வளவு ஏறினால் தானாக வெளியேறும் ஆணை, போட்டுவிட்டு, மூன்று மணிக்கு மூடுவது. இதற்கு 9:20 ஸ்ட்ராடில் என்றே பெயர் வந்துவிட்டது. நம் ஊர் பேக்கரி வாசலிலேயே அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். பல நாள் லாபம் வரும். சம்பளம் மாதிரி வரும். அந்தச் சம்பளம் என்ற சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மோசமான நாள் எப்படி இருக்கும்? 150-க்கு விற்ற கால் 195 ஆனால் ஸ்டாப் லாஸ். 140-க்கு விற்ற புட் 182 ஆனால் ஸ்டாப் லாஸ். காலையில் சந்தை மேலே குதிக்கிறது, கால் அடிபடுகிறது. மதியம் கீழே சரிகிறது, புட் அடிபடுகிறது. மாலையில் நிஃப்டி காலையில் நின்ற இடத்திலேயே வந்து நிற்கிறது. 45-உம் 42-உம் சேர்த்து 87 ரூபாய். ஒரு லாட்டுக்கு 6,525 ரூபாய் போய்விட்டது. சந்தை எங்கும் போகாது என்ற கணிப்பு சரி. காசு போனதும் சரி. இது சின்ன அடி; ஸ்டாப் லாஸ் வேலை செய்த நாள். ஸ்டாப் லாஸ் வேலை செய்யாத நாளும் ஒன்று உண்டு.

1995 ஜனவரி 17. விடியற்காலை 5 மணி 46 நிமிடம். ஜப்பானில் கோபே நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. பூமி குலுங்கியது. ஆறாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துயரத்தின் முன்னால் வேறு எந்த நஷ்டமும் பெரிதல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அன்று அங்கிருந்து வெகுதூரத்தில், சிங்கப்பூரில், இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். நிக் லீசன். 1762-ல் லண்டனில் தொடங்கப்பட்ட பேரிங்ஸ் வங்கியின் ஆள். சைமெக்ஸ் என்ற சிங்கப்பூர் சந்தையில் ஜப்பானின் நிக்கெய் குறியீட்டில் வணிகம் செய்தார். நஷ்டத்தை எல்லாம் 88888 என்ற எண்ணுள்ள ஒரு கணக்கில் போட்டு மறைத்தார். 1994 முடியும்போது அந்தக் கணக்கில் மறைந்திருந்த நஷ்டம் 20 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. தலைமையகத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

நஷ்டத்தில் இருப்பவருக்குத் தினமும் மார்ஜின், அதாவது சந்தையில் ஈடாகக் கட்டி வைக்கும் பணம், வேண்டும். எங்கே போவார்? ஸ்ட்ராடில் விற்றார்! ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில், நிக்கெய்யில் காலும் புட்டும் விற்றார். ஏன் விற்றார்? விற்றால் பணம் முதலில் வருகிறது. வந்த பிரீமியத்தைக் கொண்டு பழைய ஓட்டையை அடைத்தார். நிக்கெய் 19,000-ஐ ஒட்டியே ஆடாமல் அசையாமல் நின்றால் அவர் பிழைத்துக்கொள்வார். நிற்கும் என்று நம்பினார். மாதக்கணக்கில் அப்படித்தானே நின்றது?

பூமிக்கு அந்தக் கணக்கு தெரியாது. கோபே குலுங்கி ஆறாவது நாள், ஜனவரி 23-ஆம் தேதி, ஒரே நாளில் நிக்கெய் ஆயிரம் புள்ளிக்கு மேல் விழுந்தது. விற்ற புட்டுகள் எல்லாம் அவர் கழுத்தைப் பிடித்தன. அப்போதாவது நிறுத்தினாரா? சந்தையைத் தானே தூக்கி நிறுத்தலாம் என்று ஃபியூச்சர்ஸ் வாங்கிக் குவித்தார். பிப்ரவரி 23-ல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார். 26-ல் வங்கி விழுந்தது. மொத்த நஷ்டம் 82 கோடி பவுண்டுக்கு மேல். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற வங்கியை ஐ.என்.ஜி. என்ற டச்சு நிறுவனம் வாங்கிய விலை ஒரு பவுண்டு. ஒரே ஒரு பவுண்டு! டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் லீசனுக்கு ஆறரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

பொய்க் கணக்கு எழுதியது குற்றம், அதற்குத் தண்டனை. ஆனால் வணிகவியல் ஆசிரியனாக நான் உங்களிடம் காட்ட விரும்புவது அந்தக் குற்றத்தை அல்ல. பிரீமியமாக வந்த பணத்தை அவர் வருமானமாக எண்ணினார். அது வருமானமே இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வரும் தவணைப் பணம் அது. வீடு எரியாதவரை இனிக்கும். எரிந்த அன்று மொத்தமும் திருப்பிக் கேட்கப்படும். இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் அபாயத்தின் ஒரு பகுதியை இன்னொரு கம்பெனியிடம் காப்பீடு செய்து வைக்கிறது. லீசன் யாரிடமும் வைக்கவில்லை. அடி விழுந்தால் யார் தாங்குவது என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதவே இல்லை.

கோபே தூரம் என்பீர்கள். சரி, என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள்.

2024 ஜூன் 3, திங்கள். மக்களவைத் தேர்தல் கருத்துக் கணிப்புகளைப் பார்த்துச் சந்தை துள்ளியது. நிஃப்டி 23,263-ல் முடிந்தது. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அன்று ஸ்ட்ராங்கிள் விற்றிருந்தான். ஸ்ட்ராங்கிள் என்றால் ஸ்ட்ராடில் மாதிரிதான். ஸ்ட்ரைக்குகள் மட்டும் சற்றுத் தள்ளி இருக்கும். அவன் மேலே 24,000 கால், கீழே 22,500 புட் விற்றான். ஜூன் 6 வியாழன் எக்ஸ்பைரி; அப்போது நிஃப்டிக்கு வியாழன்தான். பத்து லாட். அப்போது லாட் 25. ஆக 250 யூனிட். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் வியாழக்கிழமை நிஃப்டி நின்றால் முழுப் பிரீமியமும் அவனுக்கு.

மறுநாள் செவ்வாய், வாக்கு எண்ணிக்கை. உள்ளே டிவி ஓடுகிறது. முன்னிலை நிலவரம் வந்துகொண்டிருக்கிறது. அவன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை; சாய்த்துப் போட்டுவிட்டு வந்தான். போனை என் கையில் கொடுத்தான். திரையில் சிவப்பு எண். நான் கண்ணாடி மாட்டிக்கொள்வதற்குள் அது இரண்டு முறை மாறிவிட்டது. கீழே ஒரு புட் வாங்கி மூடிவிடலாமா சார் என்றான். வாங்கப் போனால் அந்தப் புட்டின் விலை நேற்றைய விலையைப் போல் எத்தனையோ மடங்கு. மார்ஜின் போதவில்லை என்று திரை சொல்கிறது. நிஃப்டி 21,300-க்கும் கீழே போனது. 22,500 புட் விற்றவனுக்கு அந்த நேரத்தில் யூனிட்டுக்கு 1,200 ரூபாய் கடன். 250 யூனிட்டுக்கு மூன்று லட்சம். வீட்டு மனைக்காக ஆறு வருடம் சேர்த்த பணம். கொஞ்ச நேரத்தில் புரோக்கர் தரப்பே பொசிஷனை வெட்டிவிட்டது. போனைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தண்ணீர் கொடுத்தேன், டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

அன்று நிஃப்டி 21,884-ல் முடிந்தது. ஒரே நாளில் 1,379 புள்ளி சரிவு. அடுத்து நடந்ததைக் கேளுங்கள். புதன்கிழமை ஏறியது. வியாழக்கிழமை, அவனுடைய எக்ஸ்பைரி நாள், நிஃப்டி எங்கே முடிந்தது தெரியுமா? 22,821! அவன் சொன்ன 22,500-க்கும் 24,000-க்கும் நடுவில்! வெள்ளிக்கிழமை 23,290, திங்கள் நின்ற இடத்துக்கே வந்துவிட்டது. அவன் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. ஊர் போய்ச் சேரும் என்று சொன்ன பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது. அவன்தான் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டான்.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. புதிய மருந்தும் இல்லை. விற்பதற்கு முன்னால், அல்லது விற்கும் அதே நிமிடத்தில், தூரத்தில் இரண்டு ஆப்ஷனை வாங்கிவிடுவது. முன் சொன்ன கணக்குக்கே வருவோம். 25,000-ல் கால், புட் விற்று 290 வந்தது. அதிலிருந்து 25,500 காலை 25 ரூபாய்க்கும் 24,500 புட்டை 30 ரூபாய்க்கும் வாங்குங்கள். 55 போனால் மீதி 235. இதுதான் அயர்ன் பட்டர்ஃபிளை; தூரத்தில் வாங்கிய இரண்டும் அதன் இறக்கைகள். விற்கும் ஸ்ட்ரைக்குகளை விலக்கி வைத்தால் அதுவே அயர்ன் காண்டோர். நிஃப்டி 24,000-க்குப் போய்விட்டது என்று வையுங்கள். வெறும் ஸ்ட்ராடில் விற்றவனுக்கு நஷ்டம் யூனிட்டுக்கு 710. லாட்டுக்கு 53,250 ரூபாய். இறக்கை வாங்கியவனுக்கு 265. லாட்டுக்கு 19,875 ரூபாய். 23,000-க்குப் போனால்? இவனுக்கு அதே 19,875. கோபே மாதிரி ஒன்று வந்தால்? அதே 19,875. அந்த எண்ணைக் காலை ஒன்பது இருபதுக்கே இவன் அறிவான். மார்ஜினும் குறைவு. தூக்கமும் வரும்.

அந்த 55 ரூபாய் தினமும் வீணாகப் போகிறதே சார் என்று கேட்கிறார்கள். போகட்டும். பஸ்ஸில் ஏறும்போது இன்று விபத்து நடக்கவில்லையே, கம்பியைப் பிடித்தது வீண் என்று யாராவது சொல்கிறார்களா? இறக்கை வாங்கினாலும் நஷ்டமே வராது என்று நான் சொல்லவில்லை. பல வாரம் வரும். வரும் நஷ்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து சொல்லக்கூடிய எல்லை.

செபி ஆய்வில் இன்னும் சில எண்கள் உண்டு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானது. அதன் பிறகு செபி தரப்பில் வாராந்திர எக்ஸ்பைரியைக் குறைத்தார்கள், ஒப்பந்த மதிப்பைக் கூட்டினார்கள், எக்ஸ்பைரி நாளில் விற்பவருக்குக் கூடுதல் மார்ஜின் கேட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் லாட்டின் அளவைத்தான் மாற்றும். விற்பவன் மனதில் இருக்கும் சம்பளம் என்ற எண்ணத்தை யார் மாற்றுவது? வீட்டில் பேச வேண்டும். வகுப்பில் பேச வேண்டும். இந்த மாதிரி மன்றங்களில் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நிஃப்டி எக்ஸ்பைரிக்காக இன்றைக்கே பொசிஷன் எடுத்து வைத்திருப்பவர்கள் இந்த மன்றத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதோ அந்த மேசையில் வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். லாபம் எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன். நாளைக் காலை சந்தை ஆயிரம் புள்ளி கீழே திறந்தால் உங்கள் கணக்கில் என்ன எண் வரும் என்பதை மட்டும் சேர்ந்து எழுதிப் பார்ப்போம். மன்றத்தைப் பூட்டும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.